ஆதிவாசி ஊரில் ஆய்வு செய்யப் போகிறீர்களா? நீலகிரிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூடலூர்ப் பக்கம் ஒரு பணியர் ஊர். நான் வேலை தொடங்கி இரண்டாவது மாதம். ஒரு பாட்டி வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ரேஷன் அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ். அவற்றோடு நான்காக மடித்த ஆங்கிலத் தாள்கள் நான்கு. வெவ்வேறு ஆண்டுகளில் வந்துபோன ஆய்வாளர்கள் கொடுத்த ஒப்புதல் படிவங்களின் நகல்கள் அவை. நான்கிலும் அவருடைய கைநாட்டு இருந்தது. "இதில் எதற்கு வீடு கிடைக்கும், டீச்சர்?" என்று கேட்டார்.

நான்காவது தாள் நான் கொடுத்தது. என் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட படிவம் அது. வரிக்கு வரி சரியாக இருந்தது. அவரோ அதை வீட்டுக்கான விண்ணப்பம் என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அன்றே பேட்டிகளை நிறுத்தினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க ஏழு மாதம் ஆனது. உங்களுக்கு அந்த ஏழு மாதம் வீணாகக் கூடாது. அதைவிட முக்கியம், அந்த உறைக்குள் ஐந்தாவதாக ஒரு தாள் போகக் கூடாது.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள் இருக்கின்றன. மிகவும் நலிவுற்ற நிலையில் உள்ள பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கும் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றிருப்பவை இந்த ஆறும்தான். நான் அறிந்தது கூடலூர், பந்தலூர் வட்டங்களை. கோத்தகிரியிலோ மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளிலோ நடைமுறை வேறாக இருக்கும் இடங்களில் அங்கே உள்ளவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

1. கேள்வியை எழுதுவதற்கு முன் ஊருக்குப் போங்கள்

பெரும்பாலோர் ஆய்வுத் திட்டத்தை முழுதாக எழுதி, நிதி வாங்கி, அதன் பிறகு ஊர் தேடிப் போகிறோம். அந்த நிலையில் ஊர்க்காரர்கள் மாற்றக்கூடியது ஒன்றும் மிச்சமிருக்காது. "சரி" என்பதும் "வேண்டாம்" என்பதும்தான் அவர்களுக்கு இருக்கும் வழிகள். "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இல்லை. அதனால் "சரி" என்பார்கள். பேட்டிக்குக் குறித்த நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் அவர்களுடைய பதில்.

நான் பெண்களின் ரத்தசோகையைப் பற்றிக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மறுபடி போனபோது தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, "எதைப் பற்றி ஆராய்ந்தால் உங்களுக்குப் பயன்படும்?" என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரம் பதிலே இல்லை. ஒருநாள் தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் என்னை நிறுத்தினார்கள். நெல் இருந்தவரை வயலில் நண்டும் கீரையும் கிடைத்தன, வாழையும் இஞ்சியும் வந்து களைக்கொல்லி அடிக்கத் தொடங்கிய பிறகு இரண்டும் குறைந்துவிட்டன, அதை எழுதுவீர்களா என்று கேட்டார்கள். ரத்தசோகைக்கான காரணத்தில் ஒரு பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஆய்வின் தலைப்பு அங்கேதான் மாறியது.

முதல் பயணத்தில் யாரோடு போகிறீர்கள் என்பதைக் கவனமாக முடிவு செய்யுங்கள். வனத்துறை ஜீப்பில் போய் இறங்கினால் உங்களையும் வனத்துறை ஆள் என்றே நினைப்பார்கள். எஸ்டேட் மேலாளர் அறிமுகப்படுத்தினால் கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆதிவாசிகளின் சொந்த அமைப்பு. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நீண்ட காலமாக வேலை செய்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி நேரம் கேளுங்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது அவர்களுடைய வேலை இல்லை. அவர்கள் செலவிடும் நாளுக்கும் உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள்.

எப்படி அழைப்பது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூரில் "ஆதிவாசி" என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அதைவிடவும் சமூகத்தின் பெயரைச் சொல்வதே நல்லது. பணியரும் காட்டுநாயக்கரும் அடுத்தடுத்த ஊர்களில் இருந்தாலும் மொழி வேறு, வழக்கம் வேறு.

2. காகித வேலை: எந்த வரிசையில், எவ்வளவு நாளில்

முதலாவது, ஆய்வு முறையைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. உடல்நலம் சார்ந்த ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பொருந்தும். சமூக அறிவியல் ஆய்வுகளுக்கும் பல குழுக்கள் அதையே அளவுகோலாக வைக்கின்றன. அதில் பழங்குடி மக்களைப் பற்றிய பகுதியை நீங்களே படித்துவிடுங்கள். ஆய்வு செய்யப் பழங்குடி ஊர்களுக்குப் போவதற்கு முன் பழங்குடியினர் நல ஆணையர் அல்லது மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகளின் அனுமதி வேண்டும், ஊர்ப் பெரியவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், உள்ளூர் மொழி தெரிந்தவர் உடனிருக்க வேண்டும், அவர்களுடைய மரபறிவு வணிகமாகும் வாய்ப்பு இருந்தால் பலனில் பங்கு தர வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்து பதினொரு வாரம் எடுத்தது. மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள். தமிழ்ப் படிவத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆங்கிலப் படிவத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டால், பிறகு மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாற்றுவதற்கும் திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாவட்ட ஆட்சியருக்கும் பழங்குடியினர் நலத்துறைக்கும் கடிதம். இணைக்க வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம், ஆய்வைப் பற்றித் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம், அடையாள அட்டை நகல், போகப்போகும் ஊர்களின் பட்டியல். ஒப்புகை முத்திரை பெற்ற நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு ஆறு வாரம் அசையாமல் இருந்தது. நேரில் போய்க் கேட்டபோது, ஊர்ப் பட்டியல் இணைக்காததுதான் காரணம் என்று தெரிந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை நீங்களே விசாரியுங்கள்.

மூன்றாவது, வனத்துறை. ஊர் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளோ வேறு காப்புக்காட்டுக்குள்ளோ இருந்தால்தான் இது தேவைப்படும். சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும். எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த அன்றே இந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

நான்காவது எல்லாருக்கும் வராது. வந்தால் பெரிது. செடி, கிழங்கு, தேன் போன்ற உயிரியல் வளங்களையோ அவற்றைப் பற்றிய மரபறிவையோ வெளிநாட்டவர் பெறப்போகிறார் என்றால், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஆணையம் சென்னையில் தரமணியில்தான் இருக்கிறது. சட்டம் 2023ல் திருத்தப்பட்டது. பழைய படிவத்தை எங்கிருந்தோ தரவிறக்கி நிரப்பாதீர்கள். உங்கள் இணை ஆய்வாளர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்தால், அவர் குடியுரிமை என்ன, எந்தத் தரவு அவர் கைக்குப் போகும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். ரத்தம், எச்சில் போன்ற மாதிரிகளை எடுப்பதென்றால் அது தனி உலகம். முதல் ஆய்விலேயே அதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010ல் ஏழு லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்து, மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

ஒரு பொறி. வட இந்திய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு விண்ணப்பத்தில், பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டத்தைக் குறிப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கான சட்டம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே இல்லை. இங்கே நீங்கள் படித்துவைக்க வேண்டியது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். பல்லுயிரும் பண்பாட்டு வேறுபாடும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு இருக்கும் உரிமையை அதன் பிரிவு 3(1)(k) சொல்கிறது.

3. ஊரின் அனுமதி

ஆட்சியரின் கடிதம் ஊருக்குள் நுழைய வழிவிடும். ஊர் உங்களை ஏற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. இதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

கிராம சபையில் வைத்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். ஊராட்சிகளில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஒன்றைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதோடு, கூடலூரும் நெல்லியாளமும் நகராட்சிகள், தேவர்சோலையும் ஓவேலியும் பேரூராட்சிகள். அங்கே ஊராட்சிக் கிராம சபையே கிடையாது. ஊராட்சி இருக்கும் இடத்திலும் அந்தச் சபையில் ஆதிவாசிகள் சிறுபான்மையாக இருப்பார்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "நல்ல விஷயம், செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பின்வரிசையில் நின்றிருந்த பணியப் பெண்ணின் சம்மதம் அதில் சேராது.

அதனால் ஊர் அளவிலேயே கூட்டம் கேளுங்கள். வன உரிமைச் சட்டத்தின் கீழ் குடியிருப்பு அளவில் கூடும் சபைக்கு, 2012ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் ஆய்வுக் கூட்டத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் ஊரே கூடியது என்று சொல்ல இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. முதல் கூட்டத்திலேயே முடிவு கேட்காதீர்கள். விளக்கிச் சொல்லிவிட்டு வாருங்கள். குறைந்தது இரண்டு வாரம் விட்டு மறுபடி போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும்.

ஒருசிலரின் சம்மதம் எல்லாருடைய சம்மதமாகிவிடாது என்பதற்குக் காணிக்காரர் என்ற பழங்குடி மக்களின் அனுபவத்தைப் படியுங்கள். 1987ல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கத்தில் காணி இளைஞர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து மருந்து உருவானது. உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம், அவற்றில் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமானது. பலனைப் பகிர்ந்ததற்கு உலகமே இதை எடுத்துக்காட்டியது. ஆனால் பணத்தைப் பெற வேண்டிய அறக்கட்டளை 1997ல்தான் பதிவானது. எங்களைக் கேட்கவே இல்லை என்று வேறு பகுதிக் காணி வைத்தியர்கள் எதிர்ப்பும் தெரிவித்தார்கள்.

4. ஒப்புதல் தாள்

இப்போது நான் பயன்படுத்தும் தாளில் முதல் வரி, பெரிய எழுத்தில்: "இது அரசு விண்ணப்பம் அல்ல. இதனால் வீடு, பட்டா, பணம், கடன் எதுவும் கிடைக்காது. கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்களுக்கு வரவேண்டிய எதுவும் நிற்காது." அதன் கீழே என் புகைப்படம், பெயர், தொலைபேசி எண். அதன் பிறகுதான் ஆய்வைப் பற்றிய செய்திகள். மொத்தம் ஒரு பக்கம்.

பணிய மொழிக்குத் தனி எழுத்து இல்லை. பலர் தமிழும் மலையாளமும் பேசுவார்கள் என்றாலும், முக்கியமானதைத் தங்கள் மொழியில் கேட்டால்தான் கேள்வி கேட்பார்கள். தாளில் உள்ளதை அந்த ஊர்ப் பெண் ஒருவர் பணிய மொழியில் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அதை ஒலிக்கவிட்டேன். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பாளரையே சாட்சியாக்காதீர்கள்.

கேட்டு முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதால் பயனில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். "பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "கணக்கெடுப்பு" என்றோ "ஏதோ உதவி வரும்" என்றோ பதில் வந்தால் கையெழுத்து வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளிடம் தலைமையாசிரியரின் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது தவறு. இதைப் பலர் செய்கிறார்கள்.

5. பணம்

தேயிலை பறிக்கப் போக வேண்டிய பெண்ணை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். பேட்டிக்குப் பணம் கொடுத்தால் பதில் திரிந்துவிடும் என்று சொல்லும் பேராசிரியர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இழந்த கூலியை ஈடுசெய்வது லஞ்சம் ஆகாது. எவ்வளவு என்பதை ஊர்க் கூட்டத்திலேயே எல்லார் முன்னிலையிலும் முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலும் எழுதுங்கள். நூறு நாள் வேலைக் கூலியை அளவாக வைக்காதீர்கள். அந்தப் பருவத்தில் தோட்டத்தில் என்ன கூலியோ அதுதான் அளவு. எல்லாருக்கும் ஒரே தொகை. பேட்டியைப் பாதியில் நிறுத்தினாலும் முழுத் தொகை. இதைத் தாளிலும் எழுதிவிடுங்கள்.

ஊரைச் சேர்ந்த உடன் ஆய்வாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். நான் முதலில் நாள் கணக்கில் கொடுத்தேன். மழையால் வேலை நின்ற வாரங்களில் அவர்களுக்கு வருமானமே இல்லாமல் போனது. அந்த நாட்களில் வேறு வேலைக்கும் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். அது என் பிழை. பெண்களின் உடல்நலம் பற்றிய பேச்சுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளரே வேண்டும் என்பதால் இருவரையாவது அமர்த்துங்கள்.

நிதி கேட்கும்போதே இந்த வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: கூட்டங்களுக்குச் சாப்பாடு, ஊர்ப் பிரதிநிதிகள் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து போகும் செலவு, முடிவுகளைத் தமிழில் அச்சிடும் செலவு, ஆய்வு முடிந்த பிறகு குறைந்தது இரண்டு பயணம். கடைசி வரியை நிதிக்குழுக்கள் வெட்டப் பார்க்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு கைநாட்டு ரசீதை ஏற்குமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், நூறு ரூபாய் எடுக்க ஊருக்கு வெளியே பஸ் ஏற வேண்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

6. எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். சாலை துண்டிக்கப்படலாம். ஆனால் நண்டும் கீரையும் போன்றவற்றை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும் என்பதால் நான் மழையிலும் தங்கினேன். மாலை ஐந்து மணிக்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். யானை வரும் வழிகள் அவை. உங்களை விட்டுவரத் துணைக்கு வருகிறவர் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். வெளி மாவட்ட வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. சாவு விழுந்த ஊரில் வேலை செய்யாதீர்கள். எத்தனை நாள் என்பதை அவர்களே சொல்வார்கள்.

7. எழுதக்கூடாதவை

ஒரு பெரியவர் பாம்புக்கடிக்கான வேரைப் பற்றி என்னிடம் மனம்விட்டுப் பேசினார். மறுநாள் காலை நான் தங்கியிருந்த இடத்துக்கு நடந்தே வந்து, அது சொல்லியிருக்கக் கூடாது என்றார். அவர் கண் முன்னாலேயே ஒலிப்பதிவை அழித்தேன். கைப்பேசியில் மட்டும் அழித்தால் போதாது. அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போயிருந்தது. மடிக்கணினியைத் திறந்து அதையும் அவருக்குக் காட்டி அழித்தேன். குறிப்பேட்டுப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். மடித்து வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டார். நீங்கள் களத்துக்குப் போகும் முன் தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவிடுங்கள்.

சொன்னதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு கெடு தேதி வைத்து, எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆய்விதழில் தாவரப் பெயரோடு ஒரு மருத்துவக் குறிப்பு அச்சாகிவிட்டால் பிறகு யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. கிழங்கும் தேனும் கிடைக்கும் இடங்களின் வரைபடப் புள்ளிகளை வெளியிடாதீர்கள். ஊரின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை ஊரே சொல்லட்டும். எங்கள் ஊர், ரிசார்ட்காரர்கள் வருவார்கள் என்று வேண்டாம் என்றது. அதனால்தான் இங்கும் எழுதவில்லை. தரவை யார் வைத்திருப்பது, அடுத்த ஆய்வாளர் கேட்டால் யார் முடிவு செய்வது என்பதற்கு, உலகளாவிய பழங்குடித் தரவுக் கூட்டமைப்பு 2019ல் வெளியிட்ட கேர் கோட்பாடுகள் நல்ல தொடக்கம். எங்கள் ஒலிப்பதிவுகளின் ஒரு பிரதி ஊரில் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் ஊர்க் கூட்டத்துக்கு மட்டுமே.

உடன் ஆய்வாளர்களின் பெயர் கட்டுரையில் ஆசிரியர்களாக வருமா, நன்றிப் பகுதியில் வருமா என்பதையும் முதல் மாதத்திலேயே எழுதிவையுங்கள். கடைசியில் பேசினால், ஆய்விதழின் விதி இடம் தரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டிவரும்.

8. திருப்பிக் கொடுப்பது

ஆய்வேட்டின் பிரதியை ஊரில் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை. என்ன வடிவில் வேண்டும் என்று கேட்டோம். சுவரில் மாட்டும்படி வேண்டும் என்றார்கள். எந்தக் காலத்தில் எந்தக் கீரை, எந்தக் கிழங்கு, எந்த நண்டு என்று படத்தோடு ஒரு பெரிய தாள். பெயர்கள் பணிய மொழியில், தமிழ் எழுத்தில். நான் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். பெண்கள் அதை ஒதுக்கிவிட்டு, மழைக்கு முன், முதல் மழை, அடைமழை, மழை விட்ட பின் என்று பிரித்தார்கள். இரண்டு படங்கள் தவறான கீரை என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். என் ஆய்வேட்டிலும் அந்தத் தவறு இருந்தது. சமர்ப்பிக்கும் முன் திருத்த முடிந்தது. அதனால் முடிவுகளை ஊரில் காட்டுவதை ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் நடத்தும் விழாவாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

அச்சிடும்போது வீட்டுக்கு ஒன்று, அங்கன்வாடிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று போக இருபது பிரதி கூடுதலாக அடியுங்கள். கட்டாயம் லேமினேட் செய்யுங்கள். நாங்கள் முதலில் அடித்தவை ஜூலை மழையின் ஈரத்தில் ஒரே மாதத்தில் சுவரோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டன.